விரிய மறுத்த மோதிர விரல்

என் அண்ணிக்கு வலது கை மோதிர விரல் மடங்கினால் நிமிராது. தேயிலைக் கொழுந்தைக் கிள்ளுவது பெருவிரலும் சுட்டுவிரலும். சேர்ந்ததை உள்ளங்கையில் பிடித்துக்கொள்வது மற்ற மூன்றும். கை நிறைந்ததும் முதுகுக் கூடைக்குள் எறிவார்கள். எறியும்போதுதான் அந்த விரல் பூட்டிக்கொள்ளும்.

ஒரு வருடமாக யாரிடமும் சொல்லவில்லை. கை கோளாறு என்று தோட்டத்தில் வேலை பிரித்துக் கொடுக்கும் கண்டாக்கையாவுக்குத் தெரிந்தால் கொழுந்து வேலையிலிருந்து எடுத்துப் புல்லு வெட்டப் போட்டுவிடுவார் என்ற பயம். ஆஸ்பத்திரியில் கத்தி வைத்தால் எப்படியும் தெரிந்துவிடும். ஊசி முனையாலேயே சரிசெய்வார்கள் என்று நான் விசாரித்துச் சொன்ன பிறகுதான் ஆஸ்பத்திரி கிளினிக்குக்குப் போக உடப்புசல்லாவையில் என்னுடன் பஸ் ஏறினார்.

டாக்டர் சிங்களவர். நான் மொழிபெயர்த்தேன். மடக்கி நீட்டச் சொன்னார். விரல் தடையில்லாமல் வந்தது. பத்துத் தடவையும் வந்தது. பூட்டாத விரலில் ஊசி போட முடியாது, அடுத்த கிளினிக்குக்கு வாருங்கள் என்று கோப்பை மூடினார். அது மூன்று மாதம் கழித்து.

அப்போதுதான் அண்ணியின் கைகளைக் கவனித்தேன். கொழுந்துக் கறை ஏறிக் கறுத்திருக்கும் விரல்கள் வெளுத்திருந்தன.

"கறையோட எப்படி டாக்டர்கிட்ட கைய நீட்டுறது? விடியக்காலையே சுடுதண்ணியில ஊறவச்சு, தேசிக்கா புளி பிழிஞ்சு தேச்சேன்" என்றார். பஸ்ஸிலும் முந்தானையால் தேய்த்துக்கொண்டே வந்திருக்கிறார். விரல் இளகிவிட்டது.

டாக்டருக்குச் சொன்னேன். மலையில் பறிப்பது போலவே பறித்துக் காட்டச் சொன்னார். அண்ணி எழுந்து நின்றார். இல்லாத செடிமேல் இரண்டு கைகளும் ஓடின. நாலாவது தடவை தோளுக்குப் பின்னால் எறிந்தபோது மோதிர விரல் மட்டும் மடங்கியே நின்றது.

"இந்தா, மாட்டிக்கிச்சு" என்றார், ஜெயித்தவர் மாதிரி.

மரத்துப்போக ஒரு ஊசி. பிறகு இன்னொரு ஊசி, விரலின் அடியில். தசைநார் ஓடும் வளையம் தடித்து இறுகியிருக்கிறது, அதை உள்ளேயே கீறிவிடுகிறேன் என்றார் டாக்டர். வெளியே ஒன்றும் தெரியவில்லை. மணலை நகத்தால் சுரண்டுவது போன்ற சத்தம் மட்டும் கேட்டது. மடக்கி நீட்டச் சொன்னார். விரல் தானாக விரிந்தது. ஒரு துளி ரத்தம். தையல் இல்லை, சின்னப் பிளாஸ்டர்.

அண்ணி விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு கிழமை பறிக்கக் கூடாது, தோட்டத்துக்குக் கடிதம் தருகிறேன் என்று டாக்டர் பேனாவை எடுத்தார்.

"தம்பி, கைன்னு எழுத வேணாம். காச்சல்னு எழுதச் சொல்லுங்க."

அதை எந்த முகத்தோடு சிங்களத்தில் சொல்வது என்று நான் யோசிப்பதற்குள் டாக்டர் எழுதி முடித்திருந்தார்: வலது கை, மோதிர விரல், ஏழு நாள்.