முதலிலிருந்து பார்க்க வேண்டிய கோளாறு

என் ப்ளூ-ரே படங்களையெல்லாம் கம்ப்யூட்டரில் காப்பி எடுத்து வைத்திருந்தேன். அதில் ஒன்று இடைவேளை தாண்டியதும் அப்படியே நின்றுவிடும். சரிசெய்ய பக்கத்து ஏரியாவான ஆஸ்டின் டவுனிலிருந்து ஒல்லியாக ஒருவர் வந்தார். படத்தை முதலிலிருந்து ஓடவிட்டு, ஹெல்மெட்டை மடியில் வைத்து, பாட்டு வந்தால் அதில் தாளம் போட்டார்.

“நேரா அந்த எடத்துக்குத் தள்ளிடலாமே,” என்றேன்.

“தப்பு சார். மொதல்லருந்து ஓட்டுனாதான் ஏன் மக்கர் பண்ணுதுன்னு தெரியும்.”

இரண்டு முறை கண்ணைத் துடைத்துக்கொண்டார். படம் நின்றதும் பிளேயர் செட்டிங்கில் எதையோ மாற்றினார். ஒரே நிமிடத்தில் ஓடியது. மீதிப் படத்தையும் ‘செக்கிங்’ என்று பார்த்து முடித்தார்.

கிளம்பும்போது மற்ற படங்களின் பட்டியலைப் பரிவோடு பார்த்தார். “இதுங்களும் நிக்கும் சார். ஞாயித்துக்கெழம வர்றேன்.”

சொன்னபடி வந்தார். பின்னாலேயே மிக்சர் பொட்டலத்தோடு அவர் மனைவி.

“படம் ஆரம்பிச்சிடுச்சாங்க?” என்று என்னைக் கேட்டார்.