ஒன்பதாம் இடத்தில் வந்த தொடர்

பழைய தொலைக்காட்சித் தொடர்களை வரிசைப்படுத்திக் காட்டும் நிகழ்ச்சி ஒன்று இப்போது ஞாயிறுதோறும் போகிறது. இருபதாம் இடத்தில் தொடங்கி, கிழமைக்கு ஒன்றாக இறங்கிக்கொண்டு வருகிறார்கள். தையல் ஆலையில் கிழமை முழுக்க நின்று வீங்கிய கால்களைக் கதிரையில் தூக்கிப் போட்டுக்கொண்டு நானும் பார்ப்பேன். பார்ப்பேன் என்பதைவிட, கண் முன்னால் ஓட விடுவேன் என்பதே சரி.

போன கிழமை ஒன்பதாம் இடத்தில் அந்தத் தொடர் வந்தது. சிறுவயதில் புகையிரத நிலையத்தில் தொலைந்துபோன தங்கையைத் தேடும் அக்காவின் கதை. "இதன் கடைசிக் காட்சியை யாரால்தான் மறக்க முடியும்?" என்று கேட்டாள் நிகழ்ச்சியை நடத்தியவள். எங்கள் பனிச்சங்கேணியில் அதை மறக்க ஒருவரும் இல்லை. நாங்கள் அதைப் பார்க்கவே இல்லை.

காட்டினார்கள். மழையில் அக்காவும் தங்கையும் கட்டிப் பிடித்து அழுதார்கள். எனக்குக் கொட்டாவி வந்தது.

"இதுக்காம்மா ஊரே கூடினது?" என்றாள் மகள்.

"ஓம் மகள்," என்றேன். அதற்கு மேல் சொல்ல அலுப்பாக இருந்தது.

அது யுத்த காலம். ஊரில் மின்சாரம் இல்லை. கட்டாரில் வேலை செய்த மாமா வாங்கித் தந்த கறுப்பு வெள்ளை டீவி ஒன்று எங்கள் வளவில், மாமியின் வீட்டில் இருந்தது. அதற்கு உயிர் கொடுப்பது அப்பாவின் உழவு மெசினின் பற்றரி. அந்தத் தொடர் போகிற அன்று பொழுதுசாயும் முன்னமே அப்பா பற்றரியைக் கழற்றிக் கொண்டுவந்து வைப்பார். அயலெல்லாம் பாயோடு வந்துவிடும்.

தொடர் முடிகிற நாள் முற்றத்தில் கால் வைக்க இடமில்லை. நிறைமாதமாக இருந்த மாமி சுவரில் சாய்ந்தபடி இருந்தா. மத்தியானம் தொடக்கம் அவவுக்கு நோவு இருந்திருக்கிறது. பிள்ளைப்பேறுக்கு இன்னும் நாள் கிடக்கு, சூட்டு வலியாக்கும் என்று எவருக்கும் சொல்லாமல் அடக்கியிருக்கிறா. அக்கா புகையிரதத்தில் ஏறிவிட்டாள். அடுத்த பெட்டியில்தான் தங்கை இருக்கிறாள். அந்த நேரம் பார்த்து மாமி, "ஐயோ, ஏலாதுகா" என்று ஊரில் பிள்ளைப்பேறு பார்க்கிற பெரியம்மாவின் கையைப் பிடித்தா. பாய் நனைந்திருந்தது.

பெரியம்மா தொட்டுப் பார்த்துவிட்டு, "புள்ள குறுக்க கிடக்கு. இஞ்ச வெச்சிப் பாக்கேலாது. வாழைச்சேனை ஆசுபத்திரிக்குக் கொண்டுபோகணும்" என்றா.

ஆம்பிளைகள் எவரும் அசையவில்லை. எல்லாருடைய கண்ணும் டீவியிலேயே இருந்தது. என்னைப் போலவே அவர்களுக்கும் முடிவைப் பார்க்காமல் எழும்ப மனம் வரவில்லை என்று நினைத்தேன். பொழுதுபட்டால் பாலத்தைத் தாண்டி எவரும் போவதில்லை என்பது எனக்கும் தெரியும். ஆனால் கடல் ஆழம் என்று தெரிவது போலத்தான் அது தெரியும்.

அப்பா எழும்பினார். அம்மா அவருடைய சேட்டு நுனியைப் பிடித்தா. அவர் அந்தக் கையை மெல்ல எடுத்துவிட்டு, குனிந்து பற்றரியின் வயரைக் கழற்றினார். படம் சுருங்கி ஒரு புள்ளியாகி அணைந்தது. நான் வாய்விட்டு அழுதேன். அம்மா முதுகில் ஒன்று வைத்தா.

பற்றரியில் இருந்த கொஞ்சத்தையும் டீவி குடித்துவிட்டது. மெசின் இயங்க மறுத்தது. அப்போதுதான் ஆம்பிளைகள் எல்லாரும் பாய்ந்து வந்தார்கள். மெசினின் இழுவைப் பெட்டியில் வைக்கோல் பரப்பி மாமியைக் கிடத்தி, மெசினை மணல் ஒழுங்கை வழியே தள்ளினார்கள். அவ்வளவு நேரமும் கல்லாக இருந்தவர்கள் அப்படித் தள்ளினார்கள். இருமி இருமி மெசின் இயங்கியது.

"சரி, நான் வாறன்," என்றார் அப்பா.

பெரியம்மா பெட்டியில் நின்றுகொண்டு அரிக்கன் லாம்பைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தா. பாதைக்கு வெளிச்சம் காட்டுவதென்றால் கீழே அல்லவா பிடிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. பெட்டிக்குள் பொம்பிளைகள் இருப்பது பாலத்தடி ஆமிக்குத் தூரத்திலேயே தெரிய வேண்டும் என்பதற்காகப் பிடித்தது.

மெசின் போன பிறகும் சனம் வீட்டுக்குப் போகவில்லை. அணைந்த டீவிக்கு முன்னால் அப்படியே இருந்தது. இரைச்சல் பாலத்தடிச் சோதனைச் சாவடி வரை போய், அங்கேயே நின்று இரைந்துகொண்டிருந்தது. முற்றத்தில் ஒரு குழந்தைகூடச் சிணுங்கவில்லை. பிறகு இரைச்சல் மெல்ல நகர்ந்து, தேய்ந்து, இல்லாமல் போனது. யாரோ நீளமாக மூச்சு விட்டார்கள். ஒருவர் பின் ஒருவராகப் பாயைச் சுருட்டினார்கள்.

அடுத்த நாள் வெயில் ஏறிய பிறகு அப்பா வந்தார். "பொம்புளப் புள்ள. ரெண்டு உசுருக்கும் ஒண்டுமில்ல," என்று சொல்லிவிட்டு, சேட்டைக் கழற்றிப் போட்டவர் வெறும் நிலத்தில் படுத்து நித்திரையாகிவிட்டார். சாவடியில் என்ன கேட்டார்கள், எவ்வளவு நேரம் அவரை முழந்தாளில் நிற்க வைத்தார்கள் என்பதெல்லாம் நான் வளர்ந்த பிறகு பெரியம்மா சொல்லித்தான் தெரியும். அப்பா அதைப் பற்றி ஒருநாளும் வாய் திறக்கவில்லை.

அம்மா அந்தச் சேட்டைக் கிணற்றடிக் கல்லில் அடித்துக்கொண்டிருந்தா. அழுக்குப் போய் வெகுநேரமாகியும் அடித்தா. "நாடகமும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம்," என்று முணுமுணுத்தா. முகமெல்லாம் கண்ணீர்.

அம்மாவுக்கும் முடிவு பார்க்கக் கிடைக்காத கவலை என்று எனக்கு விளங்கியது. கிட்டப் போய், "அழாதீங்கம்மா. அக்கா தங்கச்சியக் கண்டுபுடிச்சாளா எண்டு பள்ளிக்கூடத்துல கேட்டுட்டு வந்து சொல்றன்," என்றேன்.

அம்மா அடிப்பதை நிறுத்தி என்னைப் பார்த்தா. சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது அவவுக்கு. ஈரக் கையோடு என்னை இழுத்து அணைத்துக்கொண்டா. நான் சொன்னது அவவுக்கு எவ்வளவு ஆறுதலாக இருக்கிறது என்று எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தக் கிழமை முழுக்க, கண்ட பிள்ளைகளிடமெல்லாம் அம்மாவுக்காக அந்த முடிவைக் கேட்டுக்கொண்டு திரிந்தேன்.