சம்பந்தியோடு படித்த புள்ளியியல்

என் ப்ராஜெக்டைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பட்டம் வாங்க அது ஒன்றுதான் பாக்கி. முதல் பக்கத்தில் சிவப்பு மையில், ‘நம்பும்படி இல்லை, மறுபடி செய்க’ என்று இருந்தது.

புள்ளியியல் என்பது நாலு பேரைக் கேட்டுவிட்டு ஊரே இப்படித்தான் என்று சொல்கிற தொழில். அதற்கு பி.ஏ. பட்டம் தருகிறார்கள். பி.எஸ்ஸி. தானே என்று குறுக்கே பேசாதீர்கள். எங்கள் பல்கலைக்கழகத்தில் பி.ஏ. தான். பென்ஷன் வாங்குகிற வயதில் ஹால் டிக்கெட் வாங்கிய என் இனத்தாரே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போங்கள்.

ப்ராஜெக்ட் இரண்டாம் முறையும் திரும்பி வந்தால் அந்த வருடம் பட்டம் கிடையாது. அதுகூடப் பரவாயில்லை. என்னோடு சேர்ந்து படித்த என் சம்பந்தி கறுப்பு அங்கியோடு மேடை ஏறுவார். நான் கீழே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கை தட்ட வேண்டும். அதுதான் தாங்காது.

சேர்ந்த கதை

நான் பஸ் கண்டக்டராக இருந்து ரிடையர் ஆனவன். செங்கல்பட்டு டிப்போ. சம்பந்தி கூடுவாஞ்சேரிக்காரர், கவர்மென்ட் ஆபீசில் சூப்பரின்டெண்டாக இருந்தவர். அவர் மகளைத்தான் என் மகனுக்குக் கட்டினோம். பேரன் காதுகுத்துப் பந்தியில் பாயசம் வரும்போது, “நான் டிகிரி சேந்துட்டேன். புள்ளியியல்” என்றார். அதுவரை என்னோடு பேசிக்கொண்டிருந்த மொத்தப் பந்தியும் அவர் பக்கம் திரும்பிவிட்டது. என் பெண்டாட்டி உட்பட. என் இலையில் பாயசம் ஊற்றக்கூட ஆள் வரவில்லை.

அடுத்த வாரமே வார இறுதி வகுப்பு நடத்துகிற மையத்தில் போய் நின்றேன். கவுன்டரில் இருந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். வரலாறு இருக்கிறது, தமிழ் இருக்கிறது, எதற்கு சார் புள்ளியியல் என்றார். சம்பந்தி எடுத்திருக்கிறார் என்றேன். அவர் ஃபாரத்தை நீட்டிக்கொண்டே சொன்னார்: “சார், இன்னும் ரெண்டு மூணு சம்பந்தி இருந்தா கூட்டியாங்க. இந்த சப்ஜெக்ட்டுக்கு ஆளே சேர மாட்றாங்க.”

கால்குலேட்டர்

சம்பந்தியிடம் புதுக் கால்குலேட்டர். உறை போட்டது. பட்டன்களைப் பார்த்தால் பிளேன் ஓட்டுகிற மாதிரி இருக்கும். எனக்கு மனக்கணக்கு போதும். முப்பது வருடம் ஓடுகிற வண்டியில், ஒரு காலைக் கம்பியில் முட்டுக்கொடுத்துக்கொண்டு கூட்டினவன். சராசரி கேட்டால் அவர் உறையைக் கழற்றுவதற்குள் விடை சொல்லிவிடுவேன். அந்த முதல் மாதம்தான் நான் நிம்மதியாகப் படித்த மாதம்.

பிறகு திட்ட விலக்கம் வந்தது. ஆளாளுக்குச் சராசரியிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறார்கள் என்ற கணக்கு. வர்க்கமூலம் எடுக்க வேண்டும். பஸ்ஸில் யாரும் வர்க்கமூலத்துக்கு டிக்கெட் கேட்டதில்லை. நான் விழித்தேன். சம்பந்தி கால்குலேட்டரை என் பக்கம் தள்ளினார். நான் அதைத் திரும்ப அவர் பக்கம் தள்ளினேன். அவர் மறுபடி தள்ளினார். பின்பெஞ்சில் மறைமலைநகர் கம்பெனியில் வேலை பார்க்கிற ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அவள் எட்டிப் பார்த்துச் சொன்னாள்: “அங்கிள், ரெண்டு பேரும் சண்ட போட்டு முடிச்சிட்டா எங்கிட்ட குடுங்க. நான் கணக்கு போட்டுக்கறேன்.”

நெட்டு போச்சு

முதல் வருட ரிசல்ட் வந்தது. நான் பாஸ். அதற்கு மேல் கேட்காதீர்கள். சம்பந்தி போன் செய்தார். அவருக்கு முதல் வகுப்பு. “உங்களுக்கு இன்னா வந்துச்சி சம்பந்தி?” என்றார். இங்கே நெட்டு போய்விட்டது, நாளைக்குத்தான் தெரியும் என்று வைத்துவிட்டேன்.

சாப்பிட உட்கார்ந்தேன். ரசத்துக்குக் கை நீட்டும்போது என் பெண்டாட்டி போனைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கேட்டேன். அவள் சொன்னாள்: “நெட்டு போச்சின்னீங்களே. அவரு உங்க நம்பர போட்டு மார்க்க எடுத்து, கை தட்ற பொம்மையும் வெச்சி, குடும்ப குரூப்புல அனுப்சிகீறாரு பாருங்க.”

அந்த மனிதனிடம் கெட்ட எண்ணம் கிடையாது. அதுதான் என்னைக் கொல்லும். கெட்ட எண்ணம் இருந்தால் திட்டியாவது தீர்த்துக்கொள்ளலாம்.

தொப்பி

மூன்றாம் வருடம் ப்ராஜெக்ட். ஆளுக்கு ஒரு சர்வே. சம்பந்தி மாமல்லபுரத்தை எடுத்தார். வருகிறவர்கள் எத்தனை நேரம் சுற்றிப் பார்க்கிறார்கள், எங்கே சாப்பிடுகிறார்கள் என்று விசாரிக்க வேண்டும். எப்படித்தான் செய்கிறார் பார்ப்போம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் கூடப் போனேன்.

கடற்கரைக் கோயில் வாசலில் நின்றுகொண்டு வெளியே வருகிற ஒவ்வொரு ஐந்தாவது ஆளையும் நிறுத்தினார். ஐந்தாவது ஆள் அழுகிற குழந்தையோடு வந்தாலும் நிறுத்தினார். கொரியாக்காரன் வந்தாலும் நிறுத்தினார். எல்லோரும் நின்று பதில் சொன்னார்கள். ஒருவன் அவரோடு படம்கூட எடுத்துக்கொண்டான். தலையில் ஒரு வைக்கோல் தொப்பி வேறு. அவருக்குப் பொருந்தியது. எனக்கு எந்தத் தொப்பியும் பொருந்தாது.

நான் நிழல் தேடிக் கல்சிலைக் கடை ஓரமாக ஒதுங்கினேன். கடைக்காரன் உளியைக் கீழே வைத்துவிட்டு என்னைக் கேட்டான்: “அண்ணாத்த, தொப்பி போட்டுகினு கீறாரே, பெரிய ஆபீசரா? நீங்க அவரு டிரைவரா?”

கண்டக்டர் என்று வாய் வரை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

காத்திருப்போர் கணக்கு

நான் எனக்குத் தெரிந்த இடத்தை எடுத்தேன். செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்ட். ஒரு பயணி பஸ்ஸுக்கு எத்தனை நிமிடம் காத்திருக்கிறார்? வந்ததும் ஆளைப் பிடித்து நேரம் குறிக்க வேண்டும். அவர் ஏறியதும் மறுபடி குறிக்க வேண்டும். வேலை சுலபம்.

ஒரு கிழவி கட்டைப்பையோடு வந்து நின்றாள். எங்கே போக வேண்டும் என்றேன். திருக்கழுக்குன்றம். மாமல்லபுரம் வண்டிக்கு நிற்கிறாளாம். “அது இப்போதிக்கி வராது. அந்தா கல்பாக்கம் வண்டி கெளம்புது, அதுவும் அப்டித்தான் போவுது. ஓடு!” என்றேன். டிரைவரை ஒரு அதட்டுப் போட்டு நிறுத்தினேன். ஏறினாள். நேரம் குறித்தேன். இரண்டு நிமிடம். அடுத்து உத்திரமேரூர் போகிற ஒரு குடும்பம், தப்பான இடத்தில் உட்கார்ந்திருந்தது. மதுராந்தகம் வண்டியில் ஏற்றி, புக்கத்துறையில் இறங்கி மாறிக்கொள்ளச் சொன்னேன். மூன்று நிமிடம். இப்படியே நாள் முழுக்க.

சராசரி போட்டேன். அப்படி ஒரு சின்ன எண்ணை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். சம்பந்தியின் ப்ராஜெக்டில் இப்படி ஒரு சிறப்பு உண்டா? கிளம்பும்போது காய்கறி மூட்டையோடு தினமும் போய் வருகிற ஒருவர் என் தோளைத் தட்டினார்: “நாளிக்கும் வருவியா அண்ணாத்த? நீ கீற அன்னிக்கித்தான் வண்டி ஒழுங்கா வருது.”

பாராட்டு என்று நினைத்துக்கொண்டேன்.

மேடம்

மையத்தில் எங்களுக்குப் பாடம் எடுக்கிற மேடத்துக்கு என் மகனைவிட வயது குறைவு. அதட்ட மாட்டார். அதனால்தான் பயம். என் ப்ராஜெக்டை மேசைமேல் வைத்து, சராசரியின்மேல் விரலை வைத்தார். சம்பந்தியின் ப்ராஜெக்ட் பக்கத்திலேயே கிடந்தது. அதில் பச்சை மையில் ‘மிக நன்று’. நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கணக்கில் தப்பில்லை, மூன்று தடவை சரிபார்த்தேன் என்றேன். அவர் சொன்னார்: “கணக்குல தப்பே இல்ல ஐயா. நானும் தினமும் அதே பஸ் ஸ்டாண்டுலதான் நிக்கறேன். எனக்கு மட்டும் ஏன் இந்த பஸ்ஸெல்லாம் வர மாட்டேங்குது?”

வாய்

மறுபடி போனேன். சம்பந்தியும் வந்தார். நான் கூப்பிடவில்லை. இட்லி கட்டிக்கொண்டு அவரே வந்தார். “நான் வேணா கேள்வி கேக்கறேன், நீங்க எழுதிக்கங்க” என்றார். ஆக, அங்கேயும் அவர் ஆபீசர், நான் டிரைவர். வேண்டாம் என்றேன். தள்ளிப் போய் சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று யாருக்கும் வழி சொல்லக் கூடாது என்ற தீர்மானம் ஒன்றும் என்னிடம் இல்லை. தப்பு அங்கேதான் இருக்கிறது என்று எனக்கே இன்னும் தெரியாதே. பெரிய ஆஸ்பத்திரியில் யாரையோ பார்த்துவிட்டு வந்த பெண் ஒருத்தி காஞ்சிபுரம் வண்டிக்கு நின்றாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. வண்டி கேட்டைத் தாண்டிக்கொண்டிருந்தது. நான் சர்வே ஃபாரத்தை வாயில் கவ்விக்கொண்டு இரண்டு விரலை வைத்து விசில் அடிக்க முடியாமல், ஃபாரத்தைத் துப்பிவிட்டு அடித்தேன். வண்டி நின்றது. அவளை ஏற்றிவிட்டு ஒரு நிமிடம் என்று குறித்தேன்.

சம்பந்தி எழுந்து வந்து கீழே விழுந்த ஃபாரத்தைத் தூசி தட்டிக் கொடுத்தார். “சம்பந்தி, நீங்க காத்துகினு கீறவங்கள கணக்கெடுக்கல. காக்கவே வுட மாட்றீங்க. ரிடையர் ஆனது டிப்போவுக்குத் தெரியும், உங்க வாய்க்குத் தெரியாது.”

கண்டுபிடித்ததும் அவர்தான். அன்று இட்லி இறங்கவில்லை.

சரி, தெரிந்துவிட்டதே, வாயைக் கட்டிக்கொண்டு எடுக்கலாம் என்று மறுநாள் தனியாகப் போனேன். ஒரு தாத்தா, தவறான பஸ்ஸில் ஏறப் போனார். நான் திரும்பிக்கொண்டேன். அப்புறம் ஓடிப்போய் அவரை இறக்கினேன். அன்றைய ஃபாரம் எல்லாம் குப்பை. கடைசித் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. கூடுவாஞ்சேரியில் சம்பந்தி அங்கிக்கு அளவு கொடுத்துவிட்டாராம். குடும்ப குரூப்பில் படம் வந்தது.

கடப்பாக்கம்

மருமகள் பேரனுக்குச் சாதம் ஊட்டிக்கொண்டிருந்தாள். நான் ப்ராஜெக்ட், சம்பந்தி, பல்கலைக்கழகம் எல்லாவற்றையும் சேர்த்துத் திட்டிக்கொண்டிருந்தேன். அவள் அப்பாவைத் திட்டுகிறேன் என்பதுகூட உறைக்கவில்லை. அவள் கோபப்படவில்லை. ஒரு வாய் ஊட்டிவிட்டுக் கேட்டாள், “மாமா, உங்களுக்கு பஸ் டைமே தெரியாத ஊரு எது?”

யோசித்தேன். கல்பாக்கத்துக்குத் தெற்கே போகிற கடலோர ரோடுதான். முப்பது வருடத்தில் அந்தப் பக்கம் ஒரு டியூட்டிகூடப் பார்த்ததில்லை. சொன்னேன். “அப்ப அங்க போயி எடுங்க” என்று வாயைத் துடைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். பையனின் வாயைத்தான்.

அந்த ரோட்டில் கடப்பாக்கம் நிறுத்தத்தில் போய் நின்றேன். எந்த வண்டி எங்கிருந்து வருகிறது, எது எங்கே போகிறது, ஒன்றும் தெரியாது. விசில் அடிக்க வண்டியே இல்லை. வெயில் ஏற ஏற ஜனங்கள் காத்திருந்தார்கள். நானும் காத்திருந்தேன். கேட்டேன், எழுதினேன். என் வாழ்நாளில் முதல் தடவையாகப் பயணி எப்படி நிற்கிறான் என்று பார்த்தேன். எல்லோரும் தெற்கேயே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். முழங்கால் வலிக்கிறது.

காலி மீன் கூடையோடு ஒரு அம்மா நின்றாள். நேரம் ஆக ஆக அவளுக்கு என்மேல் எரிச்சல். கடைசியில் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டாள்: “இன்னா நைனா, எத்தினி நேரமா நிக்கறன்னு கேக்கத் தெரியுது. வண்டி எப்ப வரும்னு கேட்டா தெரிலன்ற. இன்னாத்துக்குத்தான் நீ இங்க வந்து நின்னுகினு கீற?”

அந்தக் கேள்வியைத்தான் என் ப்ராஜெக்டின் முதல் பக்கத்தில் போட்டிருக்க வேண்டும். போடவில்லை. சராசரி அசிங்கமாக, பெரிதாக, நம்பும்படி வந்தது. மேடம் பச்சை மையில் ‘நன்று’ என்று எழுதினார். ‘மிக’ இல்லை. பார்த்துவிட்டேன்.

மேடையில் சம்பந்திக்குப் பின்னால் நாலாவது ஆளாக ஏறினேன். ஏற்றிவிட்டது யார் என்று கேட்டால், ஊரில் எத்தனையோ வீடு இருக்க அந்த மனிதனுக்கே மகளாகப் போய்ப் பிறந்த என் மருமகள் ஜெயந்தி.