விளக்கு வைக்கும் நேரம்

நோர்வேயின் வடகோடியில் நான் இருந்த ஊரில், டிசம்பரில் நடுப்பகலிலும் தெருவிளக்கு எரியும். மீன் பதப்படுத்தும் ஆலையில் வெப்பமானிகளைச் சரிபார்ப்பது என் வேலை. காலை ஏழு மணிக்கு உள்ளே இருக்க வேண்டும். இரண்டாவது குளிர்காலத்தில் தூக்கம் கெட்டது. படுத்த நேரம், உறங்கிய நேரம், எழுந்த நேரம் என்று பட்டியல் போட்டு மருத்துவரிடம் கொண்டுபோனேன். பளீரென்ற வெள்ளை விளக்கு ஒன்றை வாங்கி, தினமும் அரை மணி நேரம் அதன் முன் உட்காரச் சொன்னார். எப்போது என்று சொல்லவில்லை. அந்த ஊரில் அது குழந்தைக்கும் தெரியும். நானும் கேட்கவில்லை, எனக்கும் தெரியும் என்றே நினைத்தேன்.

மலைமேல் இருக்கும் எங்கள் வளப்பூர் நாட்டில், வீட்டில் பொழுது சாயும்போதுதான் விளக்கு வைப்போம். அந்நேரம் காய்ச்சலில் கிடப்பவரைக்கூட அம்மா எழுப்பி உட்காரவைத்துவிடுவார். ஆகவே வேலை முடிந்து, குளித்து, மாலையில் அந்த விளக்கைப் போட்டு உட்கார்ந்தேன். அரை மணி போதாதென்று இரண்டு மணி நேரமாக்கினேன். மனசுக்கு இதமாக இருந்தது. தூக்கம் மட்டும் நாளுக்கு நாள் பின்னால் தள்ளிப்போய், காலை ஆறு மணிக்கு வந்து நின்றது.

ஒருநாள் அம்மாவின் போன்தான் என்னை எழுப்பியது. மணி பத்து.

"ஏங் கண்ணு, வேலைக்குப் போகலியா? இன்னும் விடியலியா அங்க?"

"அடுத்த மாசந்தாம்மா விடியும்."

"சூரியனுக்கே லீவு குடுக்கறவங்க, உனக்குக் குடுக்க மாட்டாங்களா?"

கொடுத்தார்கள். என் மேற்பார்வையாளர் நல்ல பெண்மணி. விளக்கைப் பற்றிச் சொன்னதும், "மாலையிலா?" என்று கேட்டார். காலை வெளிச்சம் உடம்பின் கடிகாரத்தை முன்னுக்கு இழுக்கும், இரவு வெளிச்சம் பின்னுக்குத் தள்ளும் என்று பொறுமையாக விளக்கினார். கருவி பிழையாகக் காட்டினால் காரணம் தேடப் படித்தவள் நான். என் பட்டியலில் விளக்குப் போட்ட நேரத்துக்கு ஒரு கட்டம் இல்லை. ஒப்பந்தம் அந்த மாதத்தோடு முடிந்தது. நீட்டிக்கவில்லை. அதோடு விசாவும் போயிற்று.

ஊருக்கு வந்து மூன்று நாளாகிறது. காலை பத்தரைக்குக் கண் சொருகுகிறது. வாசலில் மிளகு காய்கிறது.

"ஏனுங்க, புள்ளைக்கு ஒடம்பு சரியில்லீங்களா?" என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்கிறார்.

"இல்லீங்க, அவ ஊர்ல இப்பத்தான் ராத்திரி" என்கிறார் அம்மா.

அங்கே இந்நேரம் காலை ஆறு மணி, எல்லோரும் எழுந்து ஆலைக்குக் கிளம்பிக்கொண்டிருப்பார்கள்.

வெயில் விழாதிருக்க அம்மா ஜன்னலில் போர்வையைக் கட்டுகிறார். அவிழ்த்துவிடுங்கள், இந்த வெயில்தான் மருந்து என்று நான் சொல்ல வேண்டும். ஒரு வாரத்தில் சரியாகிவிடும். சரியாகிவிட்டால் அந்த ஊர் என்னிடம் விட்டுவைத்த கடைசிப் பொருளும் போய்விடும். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறேன்.