தேர்ட் கிளாஸ் ஸ்டெல்லாவும் தமிழ்ப் பேப்பரும்

போன வியாழக்கிழமை, சட்டக் கல்லூரி அட்மிஷன் கவுன்ட்டர் முன்னால் நான் வாயடைத்து நின்றேன். என்னைத் தெரிந்தவர்கள் நம்ப மாட்டீர்கள்... ஆனால் நடந்தது!

ஸ்டெல்லா, வடக்கே தலைநகரில் எங்கள் லக்ஷ்மிபாய் நகர் சர்க்கார் குவார்ட்டர்ஸில் மாடி வீட்டுக்காரி. பாளையங்கோட்டைப் பெண். ஸ்கூல் டீச்சர். அக்காவின் ஜீவனாம்ச வழக்குக்காக ஆறு வருஷம் கோர்ட்டுக்கு அலைந்தவள். வக்கீல்கள் பேசியதில் ஒரு வரிகூடப் புரியவில்லையாம். அந்த ஆத்திரத்திலேயே முடிவு செய்துவிட்டாள் — மாலை வகுப்பில் சேர்ந்து சட்டம் படிப்பதென்று.

மார்க் ஷீட் நகலோடு என்னிடம் வந்தாள். நான் கெஜடட் ஆபீசர் ஆயிற்றே! பச்சை மையில் கையெழுத்துப் போட்டேன். கூடவே இலவசமாக ஒரு புத்திமதி.

"மெயின்ல தேர்ட் கிளாஸா? இங்க ஐம்பது பர்சென்ட் இல்லாம அப்ளிகேஷனையே வாங்க மாட்டான். விட்டுடும்மா."

நம் ஊர் பி.ஏ. உங்களுக்குத் தெரியும். தமிழ் ஒரு பாகம், ஆங்கிலம் ஒரு பாகம், மெயின் ஒரு பாகம். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஃபர்ஸ்ட், செகண்ட், தேர்ட் என்று கிளாஸ் போடுவார்கள். ஆனால் பெண் பார்க்க வருகிறவர்களும் சரி, வேலை கொடுக்கிறவர்களும் சரி, கேட்பது ஒன்றுதான் — "மெயின்ல என்ன கிளாஸ்?" தமிழில் எவ்வளவு என்று யார் கேட்டார்கள்? ஸ்டெல்லாவும் ஒன்பது வருஷமாகத் தன்னை தேர்ட் கிளாஸ் என்றேதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஆனாலும் விடவில்லை. கடைசி நாள் க்யூவில் போய் நின்றாள். துணைக்கு நான் — அவள் அழுதால் ஆட்டோ பிடித்துக் கூட்டிவர!

க்யூ நகரவேயில்லை. நான் கர்ச்சீப்பால் விசிறிக்கொண்டிருந்தேன். அவள் பிராஸ்பெக்டஸை வரி விடாமல் படித்துக்கொண்டிருந்தாள். திடீரென்று என் முழங்கையில் ஓர் இடி.

"அண்ணாச்சி, இதை வாசிச்சியளா? எல்லாப் பாடத்து மார்க்கையும் கூட்டித்தான் ஐம்பது பர்சென்ட்னு போட்டிருக்கு!"

எங்கே வாசித்தேன்? ஆபீசில் நாள் முழுக்க விதி பேசுகிற ஆள் நான். வெட்கமாக இருந்தது.

பிராஸ்பெக்டஸ் அட்டையிலேயே கூட்டினாள். ஆயிரத்து இருநூறுக்கு அறுநூற்றுப் பதினான்கு. ஐம்பத்தொரு பர்சென்ட்! கை தூக்கிவிட்டது தமிழ் — இருநூறுக்கு நூற்று முப்பத்தெட்டு.

கிளார்க் மெயின் மார்க்கை மட்டும் பார்த்தார். அப்ளிகேஷனைத் திருப்பித் தள்ளினார். "பஹன்ஜி, மதராசி பாஷை மார்க்கெல்லாம் இங்க கணக்குல வராது."

நான் வாயைத் திறப்பதற்குள் ஸ்டெல்லா ஹிந்தியில் ஆரம்பித்துவிட்டாள். "எல்லாப் பாடமும்னு எழுதியிருக்கு, பாய்சாப். தமிழைத் தவிரன்னு எங்க எழுதியிருக்கு? அந்த வரியைக் காட்டுங்க, நான் போயிடறேன்."

அவர் புரட்டினார். மறுபடியும் புரட்டினார். உள்ளே போய் மேலதிகாரியைக் கேட்டுவிட்டு வந்தார். "அச்சா..." என்று இழுத்தபடி முத்திரையை எடுத்தார். டக்!

நேற்று லிஸ்ட் ஒட்டினார்கள். ஸ்டெல்லாவின் பெயர் கடைசியிலிருந்து நாலாவது. அதனால் என்ன, இருக்கிறதே! அக்காவுக்குத் தந்தி அடித்துவிட்டு, குவார்ட்டர்ஸ் முழுக்க லட்டு கொடுத்தாள். சொந்தப் பெண் ஜெயித்த மாதிரி எனக்கு அப்படியொரு சந்தோஷம்.

என் கையில் மட்டும் இரண்டு லட்டு வைத்தாள். வைத்துவிட்டுச் சொன்னாள் பாருங்கள்...

"அண்ணாச்சி, இனிமே நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க. தீர்ப்பு சொல்லாதிய!"