சூப்பர்சார்ஜர் மாட்டிய கோடை

வேலை போன முதல் வாரமே என் மனைவி சொல்லிவிட்டாள், "நீங்க வீட்டுக்குள்ள நடக்கறதப் பாத்தா எனக்குக் கால் வலிக்குது" என்று.

பதினாறு வருஷம் தடாவுக்குப் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் கன்வேயர்களைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தேன். வாரம் முழுக்க அங்கே ரூம். சனிக்கிழமை மத்தியானம் சித்தூர் வீடு, ஞாயிறு காலை சர்ச், சாயங்காலம் மறுபடி பஸ். திடீரென்று ஒருநாள் நாங்கள் பார்த்துக்கொண்டிருந்த லைனையே கழற்றி வேறு மாநிலத்துக்கு ஏற்றிவிட்டார்கள். கூடப் போக இருபது பேருக்குத்தான் இடம். அதில் நான் இல்லை. வெயில் ஏறத் தொடங்கியிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை, பெட்டியோடு வீட்டுக்கு வந்து இறங்கினேன். செவ்வாய்க்கிழமையில் என் வீடு எப்படி இருக்கும் என்பதே எனக்குத் தெரியாது. மனைவி பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தாள். எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுப்பவள். பால்காரர், கீரைக்காரம்மா, எதிர்வீட்டு நாய் எல்லோருக்கும் அவரவர் நேரம் இருந்தது. எனக்குத்தான் இல்லை.

கை சும்மா இருந்தால் எனக்கு நெஞ்சுக்குள் ஏதோ பிராண்டும். பீரோக் கதவுக்கு எண்ணெய் விட்டேன். தண்ணீர்த் தொட்டியைக் கழுவினேன். ஓடிக்கொண்டிருந்த மிக்ஸியைப் பிரித்து, மறுபடி பூட்டினேன். அது முன்பைவிட அதிகச் சத்தம் போட்டது. அப்புறம்தான் கண் என் மோட்டார் சைக்கிள் மேல் விழுந்தது.

அந்த வண்டியை நானே கட்டியிருந்தேன். நாலு வருஷத்துச் சனிக்கிழமைகள். ஒரு பழைய முந்நூற்றைம்பது சிசி எஞ்ஜின், ஒற்றை சிலிண்டர். ஃப்ரேமுக்குப் பைப்பை நானே வளைத்து வெல்டு வைத்தேன். டேங்க் ஒரு வண்டியுடையது, முன் ஃபோர்க் இன்னொரு வண்டியுடையது. நன்றாகவே ஓடியது. குறை என்று ஒன்றும் இல்லை. குறை இல்லாததுதான் அப்போது எனக்குப் பெரிய தொந்தரவாக இருந்தது.

சூப்பர்சார்ஜர் வைக்கலாம் என்ற எண்ணம் எப்படி வந்தது என்று இப்போது சரியாகச் சொல்ல முடியவில்லை. செல்போனில் எதையாவது பார்த்துக்கொண்டே இருந்தேன். அதில் ஏதோ வந்திருக்கும். சாதாரணமாக எஞ்ஜின் தனக்கு வேண்டிய காற்றைத் தானே உறிஞ்சிக்கொள்ளும். சூப்பர்சார்ஜர் என்பது எஞ்ஜினோடு பெல்ட்டில் சுற்றி, காற்றைப் பிடித்து உள்ளே திணிக்கிற ஒரு பெட்டி. காற்று அதிகமானால் பெட்ரோலும் அதிகம், வேகமும் அதிகம். ஜப்பான் நாட்டுக் குட்டிக் கார் ஒன்றில் இருந்து கழற்றியதை, சென்னையில் பழைய சாமான் விற்கிறவர் ஒருவர் அனுப்பிவைத்தார். அட்டைப் பெட்டியைத் திறந்தபோது உள்ளே தேங்காய் அளவுக்கு அலுமினியத்தில் ஒன்று, செய்தித்தாளில் சுற்றி இருந்தது. பெல்ட் மாட்டுகிற சக்கரமான புல்லியைக் கையால் சுற்றினேன். இரண்டு உருளைகள் ஒன்றையொன்று தொடாமல் சுற்றின. என்னவோ, அன்று நன்றாகத் தூங்கினேன்.

எஞ்ஜினுக்கு ஒன்று, சூப்பர்சார்ஜருக்கு ஒன்று என்று இரண்டு புல்லிகளையும், சிலிண்டருக்கு அடியில் வைக்கும் மூன்று மில்லி தகட்டையும் கடைந்து வாங்கத் திருப்பதி போனேன். அந்தத் தகடு சிலிண்டரைக் கொஞ்சம் மேலே தூக்கிவிடும்; திணித்த காற்று எஞ்ஜினை உடைத்துவிடாமல் இருக்க அது வேண்டும். ரேணிகுண்டா ரோட்டில் லேத் பட்டறை வைத்திருப்பவர் எனக்குப் பழக்கம், என் வயசுதான். தெலுங்குக்காரர். தமிழும் வரும், ஆனால் கோபம் வந்தால் தெலுங்குதான். அவர் சூப்பர்சார்ஜரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அன்னா, இது காருக்குக் காத்து ஊதுறது. உங்க வண்டி ஒத்தை பிஸ்டன். ரெண்டு புல்லியும் ஒரே சைஸ் வெச்சா காத்து ரொம்ப ஜாஸ்தி ஆயிடும். மேல் புல்லி பெரிசா வெய்யுங்க, மெதுவா சுத்தட்டும்."

"முதல்ல ஓடட்டும், அப்புறம் பாத்துக்கலாம்" என்றேன். பெரிய புல்லி கடையத் தகுந்த அலுமினியத் துண்டு அவரிடம் கைவசம் இல்லை, நாலு நாள் ஆகும் என்றார். என்னால் நாலு நாள் பொறுக்க முடியவில்லை. இரண்டையும் ஒரே அளவில் கடைந்து வாங்கிக்கொண்டு சாயங்கால ரயிலைப் பிடித்தேன்.

முதல் முறை ஸ்டார்ட் செய்தது ஒரு சனிக்கிழமை காலை. மனைவி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். வண்டிக்கு உயிர் வந்தது. ஆனால் ஒரு ஒழுங்கில் ஓடவில்லை. விக்கல் எடுத்தவன் பேசுவதுபோல் விட்டுவிட்டு ஓடியது. ஆக்ஸிலேட்டரைத் திருகினேன். எஞ்ஜினிலிருந்து நெருப்பு பின்பக்கமாகத் திரும்பி, டமார் என்று காற்று வரும் ரப்பர் குழாயைப் பிய்த்து எறிந்தது. குழாய் காம்பவுண்டு சுவருக்கு அந்தப் பக்கம் போய் விழுந்தது. என் இடது புருவம் கருகியது. எதிர்வீட்டுக்காரர் வெளியே வந்து பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் உள்ளே போய்விட்டார்.

மனைவி திட்டவில்லை. ஈரத் துண்டை என் முகத்தில் ஒற்றினாள். பிறகு வண்டிக்கு அருகே குந்தி உட்கார்ந்து, "இது ஒரு தரம் மூச்சு இழுத்துட்டு, அப்புறம் கொஞ்ச நேரம் இழுக்காம இருக்குமா?" என்று கேட்டாள்.

"ஆமாம். ரெண்டு சுத்துக்கு ஒரு தரம்தான் இழுக்கும்."

"அந்தப் பெட்டி நிறுத்தாம ஊதிக்கினே இருக்கு. நடுவுல காத்து எங்க போய் நிக்கும்?"

நான் பிய்ந்துபோன குழாயின் வாயைப் பார்த்தேன். "சர்ச்சுக்குக் கெளம்புங்க" என்றாள்.

சர்ச்சில் ஞாயிறு ஆராதனைக்கு ஆர்கன் வாசிப்பவள் அவள்தான். மிஷன் காலத்துக் கால்மிதி ஆர்கன். சாவி அவளிடமே இருக்கும். பின்பக்கப் பலகையை எடுத்துவிட்டு உள்ளே டார்ச் அடித்தாள். கால்மிதிக்கு ஒரு துருத்தி, அதற்கு மேலே பெரிதாக இன்னொரு பை.

"நான் மிதிக்கறது விட்டு விட்டுத்தான். ஆனா சத்தம் நடுங்காம வருதில்ல? இந்தப் பைதான் காரணம். நடுவுல இருந்துக்கினு சமாளிக்குது. அளவுக்கு மேல போனா இந்த மூடி தானா தெறந்துக்கும். இல்லாட்டி எப்பவோ கிழிஞ்சிருக்கும்."

பதினெட்டு வருஷமாக ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த ஆர்கனுக்கு நாலு வரிசை பின்னால் உட்கார்ந்திருக்கிறேன். அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை. மூடியில் அவள் விரல் வைத்துக் காட்டிக்கொண்டிருக்கும்போதே, லாரியின் ஏர் பிரேக் டேங்கை எந்தக் கடையில் வாங்கலாம் என்று என் மனசு ஓடிக்கொண்டிருந்தது. அங்கேயே அவள் வேறு எதையோ சொல்லத் தொடங்கினாள். திருப்பதியில் ஒரு பள்ளி, ஏதோ ஒரு நேர்முகம். "ம்" என்றேன். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன்.

பழைய லாரி ஏர் டேங்க் ஒன்றை வாங்கி, வெட்டிச் சின்னதாக்கி, சூப்பர்சார்ஜருக்கும் எஞ்ஜினுக்கும் நடுவில் வைத்தேன். அதன் தலையில், ஸ்பிரிங் போட்ட ஒரு மூடி. பத்து நாள் ஆனது. இந்த முறை வண்டி சீராக ஓடியது. காற்றழுத்தம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்றையும் ஹேண்டில்பாரில் வைத்திருந்தேன். காணிப்பாக்கம் திருப்பம் வரை போய் வந்தேன். முள் பத்து பவுண்டைத் தொட்டது. லேத்துக்காரருக்குப் போனில் சொன்னேன்.

"பத்தா? அஞ்சு போதும் அன்னா. இன்னிக்கே பெரிய புல்லி எடுத்து வெக்கறேன், வந்து மாத்திக்கோங்க" என்றார்.

வருகிறேன் என்றேன். போகவில்லை. அந்தப் பத்து எனக்குப் பிடித்திருந்தது.

அடுத்த வியாழக்கிழமை மனைவி நல்ல புடவை கட்டி, கையில் ஃபைலோடு வந்து நின்றாள். "பஸ்ல போறேன், நீங்க வர வேணாம்" என்றாள். அன்றுதான் நேர்முகம் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. "வண்டியிலயே விடறேன்" என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். யோசித்துவிட்டு ஏறி உட்கார்ந்தாள்.

முதல் நாற்பது கிலோமீட்டர் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. இரண்டு பேர் பாரமே தெரியாமல், தக்காளி ஏற்றிய லாரிகளை ஒவ்வொன்றாகத் தாண்டினோம். சந்திரகிரிக்கு முன்னால் ஒரு ஏற்றம். முழுதாகத் திருகினேன். அப்போது எஞ்ஜினுக்குள் ஒரு சத்தம், தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குவதுபோல. அது என்ன சத்தம் என்று எனக்குத் தெரியும். எஞ்ஜினால் தாங்க முடியாதபோது வருகிற சத்தம். கையைத் தளர்த்தியிருக்க வேண்டும். ஏற்றம் முடியட்டும், உச்சிக்குப் போய் விடலாம் என்று நினைத்தேன். அவள்கூட என் தோளைத் தட்டினாள். உச்சி வரவில்லை. வேகம் சட்டென்று இறங்கி, பின்சக்கரம் இழுத்தது. கிளட்ச்சைப் பிடித்து ஓரத்துக்குக் கொண்டுவந்தேன். சைலன்சர் வழியாக நீலப் புகை வந்தது.

இறங்கி நின்றோம். நான் உடனே குந்தி பிளக்கைக் கழற்றப் போனேன். எஞ்ஜின் சூட்டில் விரல் பொரிந்தது. மறுபடி கையை வைத்தேன்.

"அதை விடுங்க" என்றாள்.

"ரெண்டே நிமிஷம். பிளக்கா இருந்தா..."

"மூணு தரம் சொன்னேன் உங்ககிட்ட. சர்ச்சுல ஒரு தரம், சாப்பிடும்போது ஒரு தரம், நேத்து ஒரு தரம். வேலை கெடைச்சா நாம திருப்பதிக்கே குடி போகணும். அதைப் பத்தி நீங்க ஒரு வார்த்தை கேக்கல." குரல் உயரவில்லை. "உங்களால உக்கார முடியாது, அது எனக்குத் தெரியும். வேலை போனா யாருக்குமே அப்படித்தான். ஆனா நான் பேசும்போதாவது நில்லுங்க."

எழுந்து நின்றேன். பயந்தேன் என்று சொல்லியிருக்கலாம். வாரத்தில் ஐந்து நாள் இல்லாமலே இருந்தவன் திடீரென்று ஏழு நாளும் இருந்தால் அவளுக்கு நான் அதிகப்படியாகிவிடுவேனோ என்ற பயம். அதை எனக்கே அதுவரை சொல்லிக்கொண்டதில்லை. சொல்வதற்குள் ஒரு ஷேர் ஆட்டோ வந்தது. கை காட்டி ஏறினாள். நெற்றியில் வேர்வையைத் துடைத்துக்கொண்டு, ஃபைலை நெஞ்சோடு பிடித்தபடி போனாள். திரும்பிப் பார்த்தாள், அதை மட்டும் சொல்ல வேண்டும்.

போன் செய்த அரைமணி நேரத்தில் லேத்துக்காரர் ஒரு குட்டி வேனோடு வந்தார். வண்டியை ஏற்றிப் பட்டறைக்குக் கொண்டுபோய் அப்போதே பிரித்தோம். பிஸ்டனின் தலையில் விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. ஓரமெல்லாம் மெழுகுபோல் உருகியிருந்தது. அவர் அதை வெளிச்சத்தில் பிடித்து, ஓட்டை வழியாக என்னைப் பார்த்தார்.

"செப்பானா, லேதா?" என்றார். சொன்னேனா, இல்லையா?

"சொன்னீங்க" என்றேன்.

மூன்று மணிக்கு, நான் எங்கே இருக்கிறேன் என்று போனில் கேட்டுக்கொண்டு, அவள் அங்கேயே வந்தாள். வேலை கிடைத்துவிட்டது, இரண்டு பேரை வைத்துக் கணக்குப் போடச் சொன்னார்களாம், மற்றவர் பாதியில் மாட்டிக்கொண்டாராம். லேத்துக்காரர் ஸ்டூலைத் துடைத்துப் போட்டு டீ வரவழைத்தார். நானும் கையைத் துடைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தேன். என்ன பள்ளி, எத்தனை மணிக்கு, எந்த வகுப்பு, வீடு எந்தப் பக்கம் பார்க்கலாம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். ஆட்டோ வந்ததில் சொல்லாமல் விட்டுப்போன பயத்தையும் சொன்னேன், லேத்துக்காரர் முன்னாலேயே. அவர் எழுந்து மெஷின் பக்கம் போய்விட்டார். அவள் டீயைக் குடித்து முடித்துவிட்டு, "அதிகப்படிதான். பழகிக்கறேன்" என்றாள்.

ஜூனில் திருப்பதிக்கு வந்தோம். சித்தூர் சர்ச்சுக்கு மாசத்தில் ஒரு ஞாயிறு போகிறோம். அந்தப் பட்டறையில் ஒரு மில்லிங் மெஷின் வெகுநாளாகப் படுத்திருந்தது. அதைக் கிளப்பிக் கொடுத்தேன். இப்போது அங்கேதான் வேலை. வண்டிக்குப் புது பிஸ்டன், பெரிய புல்லி. முள் ஐந்துக்கு மேல் போவதில்லை. நான் குணமாகிவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். விடிந்தும் விடியாமல் எழுந்துவிடுகிறேன், கால் நிற்பதில்லை. சில காலைகளில் அவளைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு சந்திரகிரி ஏற்றம் வரை போய் வருகிறேன். கூழாங்கல் சத்தம் எங்கேயாவது கேட்கிறதா என்று இருவரும் காதைத் தீட்டிக்கொண்டு போவோம். போன வாரம் அப்படி ஒன்று கேட்டதுபோல் இருந்தது. நான் கையைத் தளர்த்துவதற்குள் அவள் சொல்லிவிட்டாள், "அது பக்கத்துல போற டிராக்டருங்க, போங்க."