இரண்டு தட்டு

நம்புங்கள் என்று யாரையும் கெஞ்சப் போவதில்லை. இது நடந்தது. ஆகஸ்ட் பத்தொன்பது, செவ்வாய்க்கிழமை. அதுவும் ராத்திரி இல்லை. பகல் இரண்டு மணி, டெக்சஸ் வெயில் மண்டையைப் பிளக்கிற நேரம். ஒளிந்துகொள்ள ஒரு நிழல்கூட இல்லாத இடம். அதனால்தான் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

என் அப்பா வெர்லன் குழாய் வெல்டர். எண்ணெய்க் குழாய் எங்கே போகிறதோ அங்கே எங்கள் வீடும் போகும். வீடு என்றால் சக்கரம் வைத்த வீடு. இருபது வருடமாக டிரக்கின் பின்னால், பம்பரில் மாட்டி இழுக்கிற டிரெய்லர்தான். போன ஏப்ரலில் பக்கக் காற்று அடித்து அது வாலை ஆட்டிய ஆட்டில், டிரக்கே ரோட்டுக்குக் குறுக்கே திரும்பி நின்றது. அம்மா இறங்கி ரோட்டோரம் உட்கார்ந்தாள். "இனிமே இந்த வாலாட்டிய இழுத்துக்கிட்டு நான் எங்கயும் வரமாட்டேன். வேணும்னா நீங்க தனியாப் போங்க" என்றாள். சொன்னால் சொன்னதுதான்.

அப்படித்தான் ஃபிஃப்த் வீல் என்கிற வகை டிரெய்லருக்கு மாறினோம். அதன் மூக்கு டிரக்கின் பின்தொட்டிக்கு மேலேயே ஏறி உட்காரும். மூக்கின் அடியில் ஒரு இரும்பு முளை. தொட்டிக்குள் ஒரு தகடு, அதில் ஒரு தாடை. முளையைத் தாடை கவ்வ வேண்டும். கவ்விவிட்டால் வால் ஆட்டாது.

அப்பாவுக்கு வயது அறுபத்தொன்று. முழங்கால் இரண்டும் போய்விட்டன. அடுத்த திங்கட்கிழமை பீகோஸ் ஊரில் அவருக்குப் புது வேலை. எங்கள் வம்சத்தில் காலேஜ் முடித்த முதல் ஆள் நான். மே மாதத்திலிருந்து எழுபது இடத்துக்கு விண்ணப்பம் போட்டேன். ஒரு நாய்கூடக் கூப்பிடவில்லை. அதனால் அப்பாவுக்கு எடுபிடி. கோபம் யார் மேல் என்று கேட்காதீர்கள், பட்டியல் நீளம்.

வாங்கிய ஃபிஃப்த் வீலை எடுத்துவர, ஒன்பது மணி நேரம் ஓட்டிக்கொண்டு ஒரு பழைய வண்டி விற்கிற யார்டுக்குப் போனோம். காவலாள் சாவியைக் கொடுத்துவிட்டு ஏசி அறைக்குள் போய்விட்டான். சுற்றிலும் கம்பி வேலி. எங்கள் இரண்டு பேரைத் தவிர ஆளே இல்லை.

எங்களிடம் ஒரு பழக்கம் உண்டு. வண்டி மாட்டுகிறபோது ஓட்டுகிறவருக்குப் பின்னால் நடப்பது சரியாகத் தெரியாது. அதனால் கீழே நிற்பவர் டிரக்கின் பக்கத் தகட்டை உள்ளங்கையால் அறைவார். ஒன்று என்றால் நில். இரண்டு என்றால் எல்லாம் சரி, இழு. இருபது வருடமாக அம்மா அறைவாள், அப்பா இழுப்பார். ஒரு நாளும் திரும்பிப் பார்த்து உறுதி செய்துகொண்டதில்லை.

மணி 2:05. அப்பா டிரக்கைப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தார். நான் தண்ணீர்க் கேனை இரண்டு கையாலும் தூக்கிக் குடித்துக்கொண்டிருந்தேன்.

தட்... தட்.

அப்பா நிறுத்தித் தலையை நீட்டினார். "ஏன் புள்ள இப்பவே தட்டற? இன்னும் ஆறடி கெடக்கு."

"நான் தட்டல."

"பின்ன, உன் பட்டம் வந்து தட்டுச்சா?"

"வெயில்ல தகடு விரியுது. அந்தச் சத்தமா இருக்கும்."

"இதுக்குத்தான் நாலு வருஷம் படிச்சியாக்கும்."

2:14. முளை போய் இடித்த சத்தம் கேட்டது. நான் பொத்தானை அழுத்தி டிரெய்லரின் முன்பக்கத்தைத் தாங்கி நிற்கிற இரும்பு முன்கால்களை மேலே தூக்கினேன். தப்பு அங்கேதான். பம்பர் வண்டியில் அப்படித்தான் செய்வோம். முன்காலைத் தூக்கினால் கனம் இறங்கி நன்றாக உட்காரும். எது நழுவினாலும் பிடித்துக்கொள்ள இரண்டு சங்கிலி உண்டு. இதில் சங்கிலியே கிடையாது. கால்களைத் தூக்குவதற்கு முன்பே லேசாக இழுத்து, தாடை கவ்வியதா என்று பார்க்க வேண்டும். எங்களுக்கு அது தெரியாது. ஒரு டன்னுக்கு மேல் கனம் இப்போது அந்தத் தகட்டின் மேல்.

அப்பா நொண்டிக்கொண்டே இறங்கி வந்தார். "நீ போய் ஸ்டியரிங்ல உட்காரு. நான் ஒரு தடவ பார்த்துக்கறேன்."

"நான்தான் பார்த்தேனே."

"நீ பார்த்தது எனக்குப் பத்தாது. பார்த்துட்டு வெளிய வந்து தட்டறேன். தட்டினா எடு. ஒரு சாண் போதும்."

பக்கவாட்டில் தொட்டிக்குள் குனிந்தார். தலையும் தோளும் மூக்குக்கு அடியில். கண்ணாடியில் அவர் பெல்ட்டும் காலும் மட்டும் தெரிந்தன.

2:19. கியர் போட்டேன். கால் பிரேக்கில். கண் எரிந்தது. அசதி. ஒரு நொடி கண்ணை மூடினேன்.

தட்... தட்.

கால் தானாக எழுந்தது. சின்ன வயதிலிருந்து பார்த்த பழக்கம். பாதி எழுந்தபோது கண்ணாடியைப் பார்த்தேன்.

பெல்ட். கால்.

அவர் இன்னும் உள்ளேதான் இருந்தார்.

மிதித்தேன். "அப்பா?"

"இரு, இரு. இன்னும் பார்க்கல." குரல் உள்ளிருந்து வந்தது.

தட்... தட்.

இந்த முறை என் கதவில். முழங்கைக்கு நேர் கீழே. தகடு அதிர்ந்தது எலும்பில் தெரிந்தது.

குனிந்து பார்த்தேன். யாரும் இல்லை.

தட்... தட். தட்தட். தட்தட்.

அவசரம். எரிச்சல். எடு, எடு என்பதுபோல...

இரண்டு காலையும் பிரேக்கில் வைத்து ஏறி மிதித்தேன்.

"அப்பா. தலைய வெளிய எடு."

"என்னடி?"

"எடுப்பா. இப்பவே."

எடுத்தார்.

சத்தம் நின்றது.

அப்பா முகம் சுண்ணாம்பாக இருந்தது. "முளை தாடைக்குள்ள போகவே இல்ல. தகட்டு மேல சும்மா உட்கார்ந்திருக்கு. நீ எடுத்திருந்தா..."

மூக்கு நேராக அவர் கழுத்தில் இறங்கியிருக்கும்.

"தட்டினது நீயாப்பா?"

"ஒரு கையில டார்ச்சு. ஒரு கை தகட்டப் பிடிச்சிருந்துச்சு. நான் எங்க தட்ட?"

கதவைப் பார்த்தேன். ஒன்பது மணி நேரத் தூசி அதன் மேல் படிந்திருந்தது. அத்தனை அறை விழுந்த இடத்தில் ஒரு விரல் தடம் இல்லை.

கால்களை இறக்கி, மறுபடி மாட்டி, மூன்று தடவை இழுத்துப் பார்த்துவிட்டுக் கிளம்பினோம். பீகோஸில் போய்த்தான் நின்றோம். அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் வரமாட்டாள். சொல்லாததால் வந்தாள். இப்போது அப்பாவும் அம்மாவும் அந்த மூக்குக்குள் இருக்கிற படுக்கையில்தான் படுக்கிறார்கள். வேறு வீடு இல்லை.

செப்டம்பர் ஒன்பதாம் தேதி சமையல் மேடை இழுப்பறையில் டிரெய்லரின் பழைய பதிவுச் சீட்டு ஒன்று கிடைத்தது. முந்தைய சொந்தக்காரி பெயர் வில்டா. கன்சாஸ் விலாசம். எண்ணைத் தேடிப் பிடித்து, மாலை 6:40க்குக் கூப்பிட்டேன். கிழவிக் குரல்.

"உங்க பழைய ஃபிஃப்த் வீல இப்ப நாங்க வச்சிருக்கோம். தண்ணி சூடு பண்ற பெட்டி பத்திக் கேட்கலாம்னு..."

கிழவி குறுக்கே புகுந்தாள்.

"எத்தன தரம் தட்டுச்சு?" என்று கேட்டாள்.

"ரெண்டு ரெண்டா."

"எடுத்துட்டியாம்மா?"

"இல்ல."

நீளமாக மூச்சு விட்டாள். "நான் எடுத்துட்டேன். எங்க வீட்டுக்காரர் உள்ள குனிஞ்சிருந்தாரு. தட்டுச்சு, எடுத்தேன். அவரு ரெண்டு கையும் உள்ளதான் இருந்துச்சு, தட்டியிருக்கவே முடியாதுன்னு போலீசு சொன்னாங்க. அஞ்சு வருஷமாச்சு. இன்னும் ஒருத்தரும் நம்பல."

"அப்ப தட்டறது யாரு?"

"எனக்கு எப்படிம்மா தெரியும்" என்றாள் வில்டா. "நாங்களும் அதப் பழசாத்தான் வாங்கினோம்."